மலையில் லாரி ஏறுகிறது, அப்பீல் முடிவை எங்கே பார்ப்பது?

மலையடிவாசி | செவ்வாய், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் ஒரு மலையடி ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் புளோக்குக்குப் பின்னால் சரிவில் வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்பது போன வருடம் பக்கத்துத் தெருச் சீன அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர் நிலத்துக்குச் சொந்தக்காரர், அதனால் கடிதம் வந்திருக்கிறது. எங்களுக்கு எதுவும் வரவில்லை.

அவர் ஆட்சேபம் எழுதினார். ஆனாலும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். உடனே மேல்முறையீடு போட்டார். எங்கள் புளோக்கில் எல்லாரும் அதைத்தான் நம்பியிருந்தோம். இந்த வருடத் தொடக்கத்தில் அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு வெளிநாடு போய்விட்டார். இப்போது மூன்று வாரமாக லாரிகள் மேலே ஏறுகின்றன.

அப்பீல் என்ன ஆனது? யாரிடம் கேட்பது? ஓர் அலுவலகக் கவுண்டருக்கு மூன்று தடவை லீவு எடுத்துப் போனேன். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. மூன்று தடவையும் ஒரே பதில்: "நீங்கள் அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவரா? இல்லையென்றால் சொல்ல முடியாது."

மழை பெய்தால் என் அம்மா அடுப்படி சன்னலை விட்டு நகர்வதில்லை. பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். போன வெள்ளிக்கிழமை தே தாரேக் மாதிரி வந்தது. சம்பந்தப்பட்டவர் என்றால் வேறு யார்?

---

ஜெலுத்தோங்காரன் | செவ்வாய், இரவு 10.15

அக்கா, 2021-ல் சுங்கை பத்து மீனவர்கள் ஜெயித்தார்களே, அதே வாரியம்தானே இது? அந்த முடிவு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இதுவும் வெளியே இருக்க வேண்டுமே.

---

வரைபடக்காரி | புதன், காலை 7.20

ஜெலுத்தோங்காரன், அது வேறு, இது வேறு. நிறையப் பேர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நகரத் திட்டம் படித்தவள்.

மீனவர்கள் போனது சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியத்துக்கு. பினாங்கின் தெற்கே கடலை நிரப்பித் தீவுகள் உருவாக்கும் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கொடுத்த ஒப்புதலை 2021 செப்டம்பர் 8-ல் ரத்து செய்தது அந்த வாரியம். அது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வருவது, கூட்டரசு (மத்திய அரசு) விஷயம். (2023-ல் புதிய அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது, திட்டமும் ஒரு தீவாகச் சுருங்கியது. அதைப் பேச ஆரம்பித்தால் இந்த இழை போதாது.)

மலையடிவாசி கேட்பது மாநில மேல்முறையீட்டு வாரியம், லெம்பாகா ரயுவான். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம், அதாவது சட்டம் 172, பிரிவு 36. மாநில அரசு நியமிக்கும் தலைவர் ஒருவரும் உறுப்பினர்கள் இருவரும் உட்கார்ந்து கேட்பார்கள். யார் அப்பீல் போடலாம் என்பது பிரிவு 23-ல் இருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டவர் போடலாம், முறைப்படி ஆட்சேபம் எழுதிய பக்கத்து நிலத்துக்காரரும் போடலாம். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம்.

இந்தப் "பக்கத்து நிலத்துக்காரர்" என்ற சொல்லில்தான் அக்காவின் கஷ்டம் எல்லாம் இருக்கிறது. ஒட்டியிருக்கும் நிலம் கணக்கில் வரும். நடுவில் ரோடோ கால்வாயோ இருந்தால், அதன் அகலம் 20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரே முட்டுச்சந்து வழியாகத்தான் இரண்டு பக்கமும் போக வேண்டும் என்றால் 200 மீட்டருக்குள் உள்ள நிலமும் சேரும். அவ்வளவுதான். அதிலும் நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் கடிதம். இருபது வருடம் வாடகை கட்டிக் குடியிருந்தாலும் கடிதம் வராது. ஆட்சேபிக்க 21 நாள். இந்த நோட்டிஸும்கூட, எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வரையும் உள்ளூர்த் திட்டம் அமலில் இல்லாத இடத்தில்தான் சட்டப்படி கட்டாயம். திட்டம் இருக்கும் இடத்தில், அதை வரையும்போதே மக்களிடம் கேட்டாயிற்று என்பது சட்டத்தின் கணக்கு.

சரி, வாரியத்தின் முடிவு எங்கே கிடைக்கும்? வழக்கில் இருந்தவர்களுக்கு அனுப்புவார்கள். வெளியே இருப்பவர் தேடிப் போய்த்தான் வாங்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பை வீட்டிலிருந்தே படித்துவிடலாம், அந்த வசதி இதற்கு இல்லை. நான் படிக்கும்போது ஒரு வாரிய முடிவின் நகலுக்காக, அதில் வாதாடிய வக்கீலைத் தேடிப் போனேன். அவர் நல்ல மனிதர், கொடுத்தார். வக்கீல் அறிமுகம் இல்லாதவர் என்ன செய்வார்?

---

கோப்புத்தூசி | புதன், மதியம் 1.05

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மாநிலம், எந்த ஊர் என்பது வேண்டாம்.

மலையடிவாசிம்மா, உங்களுக்குச் சொன்ன அதே வாசகத்தை நானும் கவுண்டரில் பல நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மனசாட்சியோடு எழுதுகிறேன், அது சட்டம் படித்துச் சொன்ன பதில் இல்லை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று எங்களுக்கு யாரும் ஒரு பட்டியல் கொடுத்ததில்லை. கோப்பைக் காட்டிய ஒரு பையனுக்கு விளக்கக் கடிதம் கேட்டு மெமோ வந்ததைப் பார்த்திருக்கிறேன். "முடியாது" என்று சொன்ன யாருக்கும் மெமோ வந்ததில்லை. அப்புறம் கவுண்டரில் உட்காருகிறவன் எதைச் சொல்வான்?

இப்போது உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த தடவை போகும்போது லாரி, மழை, அம்மா எதையும் சொல்லாதீர்கள். கவுண்டரில் கதைக்குப் பதில் கிடையாது, நம்பருக்குத்தான் பதில். முதலில் நிலத்தின் லோட் நம்பர், அதாவது மனை எண், வேண்டும். அது கையில் இருந்தால் நில அலுவலகத்தில் காரியான் பெர்செண்டிரியான் (நிலப் பதிவு விவரத் தாள்) எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி எடுக்கலாம். உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை, நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும். லோட் நம்பரை வைத்துத் திட்ட அனுமதியின் கோப்பு எண்ணைக் கேளுங்கள். சைட்டுக்கு முன்னால் பலகை நட்டிருந்தால் அதைப் போட்டோ எடுங்கள், எண்கள் அதிலேயே இருக்கலாம்.

இன்னொன்று. ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், பிரிவு 23. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால்தான் மூடிய கூட்டம். ஆனால் கமிட்டிக் கூட்டத்துக்கு இது பொருந்தாது, கமிட்டி விரும்பினால்தான் திறக்கும். கட்டட விண்ணப்பம் எல்லாம் ஓ.எஸ்.சி. (ஒரே இடச் சேவை மையம்) கமிட்டியில்தான் முடிவாகிறது. அதாவது மக்கள் போய் உட்காரக்கூடிய அறைக்கு இந்த விஷயம் முழுசாக வருவதே இல்லை.

---

சைட் சூப்பர்வைசர் | புதன், இரவு 8.50

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுவதால் எழுதுகிறேன். கட்டுமானத் துறையில் பதினெட்டு வருடம். அப்பீல் விவரத்தை எல்லாம் இணையத்தில் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? ஆட்சேபம் எழுதியவரின் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் வெளியே வரும். அவர் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அப்படி நடந்து, ஒரு வயதானவர் பயந்துபோய் ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கமும் பாருங்கள். ஒரு வேலை ஆறு மாதம் நின்றால் முதலாளிக்கு வட்டி ஏறுகிறது, எங்களுக்குச் சம்பளமே நிற்கிறது. வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று தெரியாமல் குடும்பத்தோடு ஜொகூருக்கு மாறிப்போனவர்களை எனக்குத் தெரியும். எல்லாத் தாளையும் எல்லாருக்கும் கொடுத்தால், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு புது ஆட்சேபம் வரும்.

---

மலையடிவாசி | புதன், இரவு 9.30

அண்ணே, பெயர் வெளியே வருவது பற்றிச் சொன்னது சரி. நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் 2017 அக்டோபர் 21-ல் தஞ்சோங் பூங்கா மண்சரிவில் இறந்த பதினோரு பேரும் அந்த சைட்டில் இருந்தவர்கள். மறு வருடம் அக்டோபரில் புக்கிட் குக்குஸில் ஒன்பது பேர், அவர்களும் வேலையாட்கள். மலையை எப்படி வெட்டுகிறார்கள், என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்பது கீழே இருக்கும் எனக்கும் தெரிய வேண்டும், மேலே நிற்கும் உங்கள் ஆட்களுக்கும் தெரிய வேண்டும். உங்கள் சைட்டில் அனுமதியோடு வரும் நிபந்தனைத் தாளை வேலையாட்கள் பார்த்திருக்கிறார்களா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

சைட் சூப்பர்வைசர் | புதன், இரவு 9.58

இல்லை. நானே முழுசாகப் பார்த்தது இரண்டு சைட்டில்தான்.

---

கியாரா பேத்தி | வியாழன், அதிகாலை 1.10

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

தாமான் ரிம்பா கியாரா வழக்கு எல்லாருக்கும் தெரியும். தாமான் துன் என்ற வசதியான குடியிருப்புக்குப் பக்கத்துப் பூங்கா. 2017-ல் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) கொடுத்த அனுமதியின்படி அங்கே 1,766 ஆடம்பர அபார்ட்மெண்டுகளும், அவற்றோடு 350 மலிவு வீடுகளும் வருவதாக இருந்தது. சுற்றியிருந்த குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2023 ஏப்ரல் 18-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

பத்திரிகையில் "மக்கள் வெற்றி" என்று வந்தது. ஆனால் அந்த மலிவு வீடுகள் யாருக்காக? புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். நம் ஆட்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு, 1980-களின் தொடக்கத்தில் தற்காலிகம் என்று சொல்லி ரூமா பாஞ்சாங்கில் (வரிசை வீடுகளில்) வைக்கப்பட்டவர்கள். நிரந்தர வீடு வரும் என்று நாற்பது வருடம் காத்திருந்தார்கள். வீடு வருகிறது என்ற செய்தி அந்தப் பெரிய திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. திட்டம் ரத்தானதும் அந்த வீடும் கூடவே போனது.

என் பாட்டி கேட்டார்: "நம்ம வீட்டை வேணாம்னு கோர்ட்டு சொல்லிருச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் தீர்ப்பைத் தேடிப் படித்தேன், மூன்று இரவு. நான் சட்டம் படித்தவள் இல்லை, அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். ஆனாலும் புரிந்தது. ஏழைகளுக்கு வீடு வேண்டாம் என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. மாநகரத்தின் கட்டமைப்புத் திட்டத்தில் பொதுப் பூங்கா என்று இருக்கிற இடம் அது. அந்தத் திட்டத்தை விட்டு விலகினால் ஏன் என்று காரணம் சொல்லியாக வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்டாக வேண்டும் என்பதுதான் சாரம். பாட்டிக்குத் தமிழில் சொன்னேன். "அப்போ காரணம் சொல்லாம குடுத்ததுதான் தப்பு, வீடு தப்பில்லை"ன்னு அவரே முடித்துவிட்டார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தீர்ப்பு வெளியே இருந்தது, அதனால் என்னால் படிக்க முடிந்தது. படித்ததால் தாமான் துன்காரர்கள் மேல் பாட்டிக்கு இருந்த கோபம் குறைந்தது. அந்தத் தாள் கிடைக்காமல் போயிருந்தால், வசதியானவர்கள் நம் வீட்டைப் பறித்துவிட்டார்கள் என்ற வருத்தத்தோடுதான் மீதிக் காலத்தையும் கழித்திருப்பார். அடிபட்ட இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்தபடி இருந்திருக்கும்.

சூப்பர்வைசர் அண்ணே, அதனால்தான் எனக்கு உங்கள் பேச்சில் உடன்பாடு இல்லை. தாள் வெளியே வந்தால் சண்டை கூடும் என்கிறீர்கள். தாள் இல்லாத இடத்தில்தான் வதந்தி நிற்கிறது. சண்டையை வளர்ப்பது வதந்திதான்.

---

வரைபடக்காரி | வியாழன், காலை 7.45

கியாரா பேத்தி, காலையில் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விவரம் சேர்க்கிறேன். கோலாலம்பூருக்குச் சட்டம் 172 இல்லை, 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம், சட்டம் 267. கியாராக்காரர்கள் வாரியத்துக்குப் போகாமல் நேரே உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்டார்கள். அதற்கு மூன்று மாத அவகாசம். வக்கீல் செலவு வேறு. அந்த வகையில், ஆட்சேபித்த பக்கத்து நிலத்துக்காரரும் வாரியத்துக்குப் போக முடிகிற பினாங்கு கொஞ்சம் கொடுத்து வைத்தது.

அதனால்தான் வாரிய முடிவுகள் பொதுவில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். சுங்கை ஆரா மலை வழக்கைப் பாருங்கள். 2012-ல் அனுமதி, 2015-ல் வாரியம் அதை ரத்து செய்தது. அப்புறம் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று போய், கடைசியில் கூட்டரசு நீதிமன்றத்தில்தான் வாரியத்தின் முடிவு திரும்ப நின்றது. முழுசாகப் பத்து வருடம். 76 மீட்டருக்கு மேலே, 25 பாகைக்கு மேல் சரிவு உள்ள நிலத்தில் கட்டலாமா, மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தில் சொல்லியிருக்கும் "சிறப்புத் திட்டம்" என்ற விதிவிலக்கு எதற்குப் பொருந்தும், இதெல்லாம் அதில் அலசப்பட்டது. அந்த வழக்கு மேலே போனதால் நமக்குத் தெரிகிறது. மேலே போகாமல் வாரியத்தோடு முடிந்துபோன அப்பீல்களிலும் இதே மாதிரி காரணங்கள் எழுதித்தான் வைத்திருப்பார்கள். அடுத்த மலையடியில் இருக்கிறவர் எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், அதுவும் ஒரு மாதத்துக்குள்.

---

பிறை பாலத்தடி | வியாழன், மாலை 6.30

தகவல் சுதந்திரச் சட்டத்தை யாரும் சொல்லவில்லையே. பினாங்கில் மாநிலச் சட்டம் இருக்கிறது, 2015 ஜனவரி 1 முதல் அமலில். சிலாங்கூரிலும் உண்டு, 2011-ல் நிறைவேற்றினார்கள். மாநிலத் துறைக்கோ ஊராட்சி மன்றத்துக்கோ எழுத்து மூலம் விண்ணப்பம் போட வேண்டும், தகவல் அதிகாரி என்று ஒருவர் இருப்பார், கட்டணம் உண்டு. 1972-ஆம் ஆண்டு அரசு இரகசியச் சட்டத்தின் கீழ் இரகசியம் என்று முத்திரை குத்திய தாள் கிடைக்காது.

நான் ஒரு கால்வாய் விஷயத்துக்குப் போட்டேன். கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். "இந்தத் திட்டம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. இன்ன லோட், இன்ன கோப்பு, இன்ன தேதியிட்ட அனுமதிக் கடிதமும் அதன் பின்னிணைப்பில் உள்ள நிபந்தனைகளும் என்று கேட்க வேண்டும். மலாயில் எழுதுங்கள். தவறு இருந்தாலும் பரவாயில்லை, சுருக்கமாக இருக்கட்டும். ஏற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய நகலை வாங்காமல் கவுண்டரை விட்டு வராதீர்கள்.

குறையும் இருக்கிறது. பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஆட்சேபத்துக்கு 21 நாள், அப்பீலுக்கு ஒரு மாதம். தகவல் கைக்கு வருவதற்குள் அவகாசம் முடிந்துவிடும். கேட்டுத்தான் பெற வேண்டும் என்ற முறை இதற்குப் பொருந்தவே பொருந்தாது. அப்பீல் பதிவான அன்றே லோட் நம்பர், விசாரணைத் தேதி, முடிவு மூன்றையும் அவர்களாகவே போட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு புதுக் கட்டடமோ புதுத் துறையோ தேவையில்லை.

---

சைட் சூப்பர்வைசர் | வியாழன், இரவு 10.20

பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், வீட்டு முகவரியை மறைத்துவிட்டுப் போட்டால் எனக்கு மறுப்பு இல்லை. தனிநபர் தரவுச் சட்டம் என்று 2010-ல் வந்தது, ஆனால் அது கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டாது என்று இன்று ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அப்படியென்றால் மறைக்க வேண்டும் என்பதைத் தனியாக விதியில் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள். அந்த வயதானவரின் முகம் எனக்கு மறக்கவில்லை.

நிபந்தனைத் தாள் பற்றி அக்கா கேட்டதை நாளை வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கேட்கப் போகிறேன்.

---

ஜெலுத்தோங்காரன் | வெள்ளி, காலை 11.00

சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கொடுத்து அவையில் கேள்வியாகக் கேட்க வைக்கலாம். பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும். எங்கள் தெரு வெள்ளத்துக்கு அப்படித்தான் பதில் வாங்கினோம்.

---

மலையடிவாசி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

எல்லாருக்கும் நன்றி சொல்லவும் நடந்ததைச் சொல்லவும் வந்தேன்.

கோப்புத்தூசி ஐயா சொன்ன மாதிரி லோட் நம்பரோடு போனேன். இந்த முறை கவுண்டரில் இருந்த பெண் கோப்பு எண்ணை எழுதிக் கொடுத்தாள். பிறை பாலத்தடி சொன்ன மாதிரி இரண்டே இரண்டு கேட்டு விண்ணப்பம் போட்டேன்: அப்பீலின் நிலை, அனுமதியின் நிபந்தனைகள்.

பதில் வந்தது. அப்பீலுக்கு முடிவே இல்லை. அந்தச் சீன அம்மா வீட்டை விற்ற பிறகு அப்பீலைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார். விசாரணைக்கு வரவே இல்லை. எட்டு மாதத்துக்கும் மேல், எங்கள் புளோக்கில் அறுபது குடும்பம் இல்லாத ஒரு முடிவுக்காகக் காத்திருந்திருக்கிறோம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வயதான காலத்தில் தனியாக அவ்வளவு தூரம் போனதே பெரிது. அது முடிந்துவிட்டது என்று ஒரு வரி எங்கேயாவது இருந்திருந்தால், வேறு வழி தேட எங்களுக்கு நேரம் இருந்திருக்கும்.

நிபந்தனைத் தாள் ஒன்பது பக்கம், மலாயில். பக்கத்து வீட்டுத் தம்பி ஆறாம் படிவம் படிக்கிறான், அவனும் நானும் உட்கார்ந்து தமிழில் எழுதி மாடிப்படி அருகே ஒட்டினோம். அதில் ஒரு நிபந்தனை: மண் வேலை ஆரம்பிக்கும் முன்பே வண்டல் தேக்கும் குழி கட்டி முடித்திருக்க வேண்டும், வெட்டிய சரிவை மூடி வைக்க வேண்டும். அம்மாவின் சன்னலிலிருந்து பார்த்தால் சரிவு திறந்தபடிதான் இருக்கிறது.

---

கோப்புத்தூசி | ஞாயிறு, மாலை 6.02

அம்மா, அந்த நிபந்தனையின் எண் என்ன? அதைத் தலைப்பில் போட்டு, கோப்பு எண்ணோடு அமலாக்கப் பிரிவுக்குப் புகார் எழுதுங்கள். மழைக்கு முன்னால் ஒன்று, மழைக்குப் பின்னால் ஒன்று என்று கால்வாயைப் படம் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

---

மலையடிவாசி | ஞாயிறு, மாலை 6.20

எண் 14. அம்மா இப்போதே கைப்பேசியில் படம் எடுக்கப் பழகுகிறார், தம்பி சொல்லிக் கொடுக்கிறான். மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது ஐயா, இன்று இரவே முதல் படம் கிடைத்துவிடும்.